எகோனிடம் ஒரு பிளான் இருக்கிறது

வால்பி, கோபன்ஹேகன்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு நமஸ்காரம்.

டிசம்பரில் இந்த ஊர்ச் சூரியன் சாயங்காலம் மூன்றே முக்காலுக்குள் கடையைக் கட்டிவிடுகிறது. மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் ராத்திரி. கடிதம் எழுதத் தாராளமாக நேரம் கிடைக்கிறது.

போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். ‘தி கில்லிங்’ என்ற டேனிஷ் சீரியலைப் பார்த்துவிட்டு, "ஒரு கொலையைக் கண்டுபிடிக்க இருபது எபிசோடு. பாதி நேரம் மழை, மீதி நேரம் இருட்டு. அந்த ஊர்க்காரன் சிரிக்கவே மாட்டானா?" என்றீர்கள். சிரிப்பான் சித்தப்பா, வயிறு வலிக்கச் சிரிப்பான். யாரைப் பார்த்து என்றால், திருடனைப் பார்த்து.

எங்கள் மேல்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னால் புரியும். ராத்திரி பதினொரு மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு சைக்கிள்கூட இல்லாத ரோட்டில், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை பனியில் நின்றுகொண்டிருப்பார். மைசூர் அக்ரஹாரா சர்க்கிளைக் கையை நீட்டிக்கொண்டே தாண்டி வளர்ந்தவன் நான். அவர் பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருக்கும். போன வருஷம் நவம்பரில் அவரைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். டைரியைப் புரட்டிப் பார்த்து பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார், மூன்றிலிருந்து ஐந்து வரை. நம் வீட்டில் கல்யாணத்துக்கே சில சமயம் இவ்வளவு முன்னால் நாள் பார்த்ததில்லை. சொன்ன நாளில் சொன்ன நிமிஷத்துக்கு வந்தார். இரண்டாவது டம்ளர் காப்பியில் மனம் திறந்து, தனக்கு உலகத்திலேயே பிடித்த மனிதன் எகோன் ஓல்சன் என்றார். எகோனின் தொழில், இரும்புப் பெட்டகம் திறப்பது.

எகோன் சினிமா ஆள். எரிக் பாலிங் என்ற டைரக்டரும் ஹென்னிங் பாஸ் என்ற அவர் கூட்டாளியும் 1968-இல் ‘ஓல்சன் கோஷ்டி’ என்று ஒரு படம் எடுத்தார்கள். அது ஓடவே 1981-க்குள் பதின்மூன்று படம் வந்துவிட்டது, பதினான்காவது 1998-இல். தயாரித்தது நோர்டிஸ்க் ஃபிலிம், எங்கள் வால்பிக்காரர்கள். 1906-இல் ஆரம்பித்த கம்பெனி. உலக உருண்டைமேல் ஒரு வெள்ளைக் கரடி நிற்பதுதான் அவர்கள் முத்திரை. ஆரம்பித்தவர் பெயரும் ஓல்சன்தான், ஓலெ ஓல்சன். திருடனுக்கு அவர் உறவில்லை.

கதை கேட்டால் பதினான்குக்கும் ஏறக்குறைய ஒரே கதை. எகோன் ஜெயிலிலிருந்து வெளியே வருவான். கறுப்பு சூட்டு, வட்டத் தொப்பி, வாயில் கட்டைச் சுருட்டு. வாசலில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட பேண்ட்டோடு துள்ளுகிறவன் பென்னி. தோல் பையை அணைத்துக்கொண்டு எப்போதும் பயப்படுகிறவன் கெல். மூவரும் கெல் வீட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்ததும், "எங்கிட்ட ஒரு பிளான் இருக்கு" என்பான் எகோன். பிளான் என்றால் வினாடிக் கணக்கு. காவல்காரன் எந்த நிமிஷம் கொட்டாவி விடுவான் என்பதுகூட அதில் இருக்கும். பெட்டகம் பெரும்பாலும் ஒரே மார்க், பெர்லின் ஃபிரான்ஸ் யேகர். எகோன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, டாக்டர் நெஞ்சைக் கேட்கிற பக்தியோடு கேட்டுத் திறந்துவிடுவான். பணம் கைக்கு வந்த பிறகுதான் கஷ்டகாலம். பென்னியோ கெல்லோ ஏதாவது அசட்டுத்தனம் பண்ணுவார்கள். அவர்கள் மறந்தால் கெல்லின் பெண்டாட்டி இவொன் பண்ணுவாள். எகோன் முகம் சிவக்கத் திட்டுவான். ‘நாய்த்தலையா’ என்பது அதில் சாதுவான வசவு. மறுபடி ஜெயில்.

அந்த ஜெயில் செட்டு இல்லை, கோபன்ஹேகனுக்கு மேற்கே ஆல்பர்ட்ஸ்லுண்டில் நிஜமாகவே ஜெயிலாக இருந்த கட்டிடம். அதன் வாசலுக்குப் போகிற சின்னத் தெருவுக்கு எகோன் ஓல்சன் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாம் மகாராஜா பெயர் வைப்போம், திவான் பெயர் வைப்போம். இவர்கள் திருடன் பெயரை வைத்துப் போர்டும் மாட்டிவிட்டார்கள்.

1976-இல் வந்த எட்டாவது படத்தில் ஒரு காட்சி. இடம், கோபன்ஹேகன் ராயல் தியேட்டர். மேலே ‘எல்வர்ஹோய்’ நாடகத்துக்கான முன்னிசை நடக்கிறது. 1828-இல் கூலாவ் அமைத்தது, இவர்களுக்குத் தேசியச் சொத்து மாதிரி. கீழே நம் மூவரும் ஒவ்வொரு சுவராக உடைத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர் எட்டாவது கிராஸ் பிள்ளையார் உற்சவக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது, மேடைக்கு அடியில் மூன்று பேர் அதே கணக்குக்குச் சுத்தியல் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. இசை மெல்லப் போகிற இடத்தில் துளை, அழுத்தம் விழுகிற இடத்தில் அடி, முரசு முழங்குகிற இடத்தில் வெடி. சபையில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பெரியவர் இந்தக் காட்சியில் யாரையும் பேச விடமாட்டார். தொடையில் தாளம் போட்டபடி இருப்பார். வெடிக்கு ஒரு தட்டு முன்னாலேயே அவர் புருவம் ஏறிவிடும்.

இவ்வளவு ஒழுங்கான ஜனங்களுக்கு இவன்மேல் ஏன் இத்தனை பிரியம்? எனக்குத் தோன்றுவது இது. இங்கே ரயில், குப்பை வண்டி, பல் டாக்டர், சிநேகிதம் எல்லாமே பிளான்படி. அந்தப் பிளானும் பெரும்பாலும் பலித்துத் தொலைக்கிறது. இவர்களைவிடக் கச்சிதமாகப் பிளான் போடுகிற ஒருவன், ஒவ்வொரு தடவையும் சொந்த மனுஷர்களாலேயே கவிழ்வதைப் பார்க்கும்போது, ஜென்மத்தில் செய்யமுடியாத ஒன்றைச் செய்துவிட்ட நிம்மதி வருகிறது போலிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எகோன் குறிவைப்பது பெரும்பாலும் யோக்கியமான பணத்தை இல்லை. பின்னால் வந்த படங்களில் கம்பெனி முதலாளிகளும் பெரிய அதிகாரிகளும் அடிக்கிற கொள்ளைக்கு முன்னால் இவன் தம்பிடித் திருடன். ஜென்சன் என்று ஒரு போலீஸ் அதிகாரி வருவார். நிஜமான பெரிய திருடர்கள் வந்தால் போலீஸுக்கு ஒரே வேலைதான், அவர்களுக்குக் காவல் நிற்பது என்று தன் உதவியாளனுக்கு அலுப்போடு பாடம் எடுப்பார். நம் ஊர் லஷ்கர் மொஹல்லாவில் திரையிட்டாலும் இதற்கு விசில் பறக்கும்.

கிழக்கு ஜெர்மனியில் இந்தப் படங்கள் சக்கைப்போடு போட்டன. முதலாளியைக் கேலி செய்கிறதே என்று சர்க்கார் விட்டிருக்கும், மேலிடத்தைக் கேலி செய்கிறதே என்று ஜனங்கள் போயிருப்பார்கள். இது என் ஊகம்தான். நார்வேக்காரர்கள் 1969-இலிருந்து அதே கதைகளைத் தங்கள் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். ஸ்வீடன்காரர்கள் 1981-இல் தங்களுக்கென்று ஒரு கோஷ்டி சேர்த்துக்கொண்டார்கள். ராஜ்குமாரின் ‘அனுராக அரளிது’தான் ரஜினியின் ‘மன்னன்’ என்று வாதாடி ஜெயிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்திக்குத் திருட்டுப் படம் வேண்டாமென்றால் வேறொன்று இருக்கிறது. மனைவியை இழந்து, நாலு பிள்ளைகளோடு மல்லாடுகிற அப்பாவின் கதை. ‘ஃபார் டில் ஃபீர’ என்று பெயர். அலிஸ் ஓஃப்ரெடரிக்ஸ் என்ற அம்மாள் 1953-இலிருந்து 1961 வரை எட்டுப் படம் இயக்கினார். 2005-இலிருந்து புது ஆட்களை வைத்து மறுபடி எடுக்கிறார்கள். விசு படத்தில் ஒரே ரீலில் நடக்கிற சண்டை இதில் எட்டுப் படத்தையும் சேர்த்தால்கூடத் தேறாது. எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. சித்திக்குப் பிடிக்கும்.

நீங்கள் மட்டும் தனியாகப் பார்க்க 2000-இல் வந்த ‘ஃபிளிக்கரிங் லைட்ஸ்’. நாலு ரௌடிகள் பணத்தோடு ஓடி, காட்டு வீட்டில் மாட்டிக்கொண்டு, கடைசியில் ஹோட்டல் நடத்துகிறார்கள். ‘கேசினோ ராயல்’ வில்லன் மாட்ஸ் மிக்கெல்சன் அதில் ஒரு ரௌடி. ரத்தம் உண்டு, அதனால் சித்தி வேண்டாம்.

ஓல்சன் கோஷ்டியில் 1976 படத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1998 படத்தை விட்டுவிடுங்கள். இவொனாக நடித்த கிர்ஸ்டன் வால்டர் 1987-இலேயே காலமாகிவிட்டார். கெல்லாக நடித்த பவுல் புண்ட்கோர் படப்பிடிப்பு முடிவதற்குள் இறந்துபோக, மிச்சக் காட்சிகளில் வேறொருவரை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். எகோனாக ஓவே ஸ்ப்ரோகெ இருந்தும் அந்தப் படம் தேறவில்லை.

பெரியவர் அடுத்த காப்பிக்கு ஏப்ரலில் நாள் கொடுத்திருக்கிறார். ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு கிலோ பொடி கொடுத்தனுப்புங்கள். பிளான்டேஷன் பாதி, பீபெரி பாதி. சிக்கரி வேண்டாம்.

இப்படிக்கு
உங்கள் அண்ணன் மகன்