தண்டச்சோறுகள் காப்பாற்றிய ஊர்

அம்பத்தூரிலிருந்து பாடி வரைக்கும் பஸ்ஸில் வந்தால் போதும், பர்மிங்காம் சரித்திரத்தில் பாதி ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக வந்துவிடும். டி.ஐ. சைக்கிள்ஸ் என்று கண்டக்டர் குரல் கொடுக்கிற இடம், நம்மூருக்கு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்து தந்த கம்பெனி. இரண்டுமே பர்மிங்காம் பெயர்கள். பி.எஸ்.ஏ.வை விரித்தால் ‘பர்மிங்காம் சிறு ஆயுதங்கள்’ என்று வரும். 1861-இல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரில் டியூஷனுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும், தான் ஏறி மிதிப்பது ஒரு ஆயுதக் கம்பெனியை என்று தெரிந்திருக்காது. கொஞ்சம் தள்ளி லூகாஸ் ஸ்டாப்பிங். அதுவும் அந்த ஊர்ச் சரக்குதான். லூகாஸில் வேலை பார்த்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே, அவனிடம் பிறகு வருவோம்.

இங்கிலாந்தின் நட்டநடுவில், கடலும் இல்லாமல் சொல்லிக்கொள்ள ஓர் ஆறும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற ஊர் பர்மிங்காம். அதனால் கையில் கிடைத்த உலோகத்தை எல்லாம் எதையாவது செய்து விற்றார்கள். பித்தான், பேனா நிப்பு, துப்பாக்கி, கொக்கி, எல்லாம். மாத்யூ போல்ட்டன் என்ற முதலாளி நீராவி இயந்திரத்தில் நாணயமே அடித்தார். நம் மதராஸ் மாகாணத்துக்கான பத்துக் காசும் இருபது காசும் அவருடைய பட்டறையில் தயாரானவை. 1808-ஆம் வருடக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் 1809 ஜனவரியில் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நமக்கு ஒதுக்கிய காசு நம் கைக்கு வந்து சேராத வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

போல்ட்டனும் நண்பர்களும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடி விஞ்ஞானம் பேசினார்கள். தெருவிளக்கு இல்லாத காலம், நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் என்ற கணக்கு. அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டியவர். அவர் அரசியலும் மதமும் பிடிக்காத ஊர்க் கும்பல் ஒன்று 1791-இல் அவர் வீட்டுக்குத் தீ வைத்தது. நன்றாக எரிந்தது. எரிய எது உதவியது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

நடுவில் நூற்றைம்பது வருடம் புகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஊருக்குச் சுக்கிர திசை. வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு ஒருவர் தேறினால் அதிகம். லண்டன் அரசாங்கத்துக்கே பொறாமை வந்து, இங்கே புதுத் தொழிற்சாலையும் ஆபீஸும் திறக்க முட்டுக்கட்டை போட்டது; மற்ற ஊர்களும் பிழைக்க வேண்டுமாம்.

அப்படிப்பட்ட ஊரில் வேலைக்குப் போகாமல் சுற்றுகிறவனுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று தமிழ்ப் பெற்றோருக்கு விளக்க வேண்டாம். ஆஸ்டன் பேட்டையில் அப்படி நான்கு தண்டச்சோறுகள் வளர்ந்துகொண்டிருந்தன.

முதலாமவன் டோனி ஐயோமி. தகரத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. பதினேழு வயதில் வேலையை விட்டுவிட்டு, ஒரு பாண்டோடு ஜெர்மனிக்குப் போவதாக ஏற்பாடு. கடைசி நாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனி போகப் போவதில்லை என்றான். கடைசி நாளானாலும் முழுதாகப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை என்று அம்மா திருப்பி அனுப்பினார். உலகத்து அம்மாக்கள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். போனால், தகரத்தை அழுத்தும் பிரஸ்காரர் அன்று லீவு. நீ பார் என்று இவனை நிறுத்தினார்கள். இறங்கிய பிரஸ் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. பையன் இடது கைக்காரன். கிதாரில் கம்பியை அழுத்துகிற கை அந்த வலது கைதான்.

அழுதுகொண்டு கிடந்தவனிடம் தொழிற்சாலை மேனேஜர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீயில் கருகி, இரண்டு விரல்கள் மடங்கிப்போன கையோடு வாசித்த மேதை என்றார். ஐயோமி உடனே பட்டறை புத்திக்குத் திரும்பினான். ஃபேரி லிக்விட் பாத்திரம் விளக்கும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினான், விரலுக்குத் தக்கபடி குடைந்து தேய்த்தான், பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினான். போலி விரல் தயார். கெட்டிக் கம்பி வலித்ததால், மெல்லிசான பாஞ்சோ கம்பிகளைக் கிதாரில் மாட்டினான். பிற்பாடு கம்பியின் இறுக்கத்தையும் குறைத்தான். சுருதி கீழே இறங்கியது, ஒலி கனத்து இருண்டது. ஹெவி மெட்டல் என்று உலகம் கும்பிடுவது இதைத்தான். அதன் பிறப்புச் சான்றிதழில் பிரஸ்காரரின் லீவு லெட்டர் இணைக்கப்பட வேண்டும்.

இரண்டாமவன் ஆஸி ஆஸ்போர்ன். அவன் அம்மாவுக்கு லூகாஸில் வேலை. மகனையும் அங்கே சேர்த்துவிட்டார். ஒலிபுகா அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கார் ஹார்ன்களுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அவன் உத்தியோகம். முறையான சங்கீதப் பயிற்சி என்று சொன்னால் இதைச் சொல்லலாம். அங்கிருந்து ஓடி கசாப்புக் கூடம், அங்கிருந்து திருட்டு. கைரேகை படக்கூடாதென்று கையுறை மாட்டிப் போனானாம், கட்டைவிரல் கிழிந்த கையுறை. சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம்தான் விதித்தார்கள். இரவு ஷிஃப்டில் டூல்மேக்கராக உழைத்த அப்பா, பையனுக்குப் புத்தி வரட்டும் என்று அபராதம் கட்ட மறுத்துவிட்டார். சில வாரம் வின்சன் கிரீன் சிறை. அதே அப்பா பின்னால் கடன் வாங்கி மைக் செட் எடுத்துக் கொடுத்தார், அது வேறு விஷயம்.

லூகாஸ் கம்பெனியின் விளக்குகள் நடுவழியில் அணைந்துவிடும் என்று கிண்டல் செய்த பிரிட்டிஷ் கார்க்காரர்கள், நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் உலகமே அதே பட்டத்தைச் சூட்டியது ஆஸிக்கு. லூகாஸில் ஒழுங்காக வேலை பார்த்த யாருக்கும் இப்படிப் பதவி உயர்வு வந்ததில்லை.

கீசர் பட்லர், பில் வார்ட் இருவரும் வந்து சேர, 1968-இல் பாண்டு அமைந்தது. முதல் பெயர் போல்கா டல்க். ஆஸியின் அம்மா பூசுகிற பவுடர் டப்பாவில் பார்த்தது என்று ஒரு கட்சி, நம் பக்கத்து ஆள் ஒருவர் நடத்திய துணிக்கடைப் பெயர் என்று இன்னொரு கட்சி. நல்லவேளை, ஒரு பேய்ப் படத்தின் தலைப்பைப் பார்த்து ‘பிளாக் சபாத்’ ஆனார்கள். முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். தொழிற்சாலைப் பழக்கம், ஷிஃப்டுக்குள் முடித்தாக வேண்டும். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியிட்டார்கள். நம்மூர் ஜோசியரைக் கேட்டிருந்தால் அஷ்டமி பார்த்து வைத்திருப்பார்.

பாண்டுகள் ஏற ஏற ஊர் இறங்கியது. பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் எழுபதுகளின் தொடக்கத்தில் படுத்தது. பக்கத்து ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு 1970-க்குள் மூடியாயிற்று. திருவொற்றியூரில் மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை, மினியைப் பெற்ற அதே இடம், 1973-இல் சதுர ஸ்டியரிங் வைத்த காரை வெளியிட்டது. வட்டம் என்ன குற்றம் செய்தது என்று கேட்க ஆளில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடையாது. வேலையில்லாதவருக்கு அரசு தந்த படிவத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டது யு.பி.40 என்ற உள்ளூர் ரெக்கே பாண்டு. ஊரில் லட்சம் பையில் அவர்களுடைய விசிட்டிங் கார்டு, அச்சுச்செலவு அரசாங்கத்தது.

1980-இல் நாடு முழுக்க எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதே வசந்தத்தில் இந்தப் பக்கத்து இன்னொரு மெட்டல் பாண்டான ஜூடாஸ் பிரீஸ்ட் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தை இறக்கியது. சாம்ப்ளர் கிடையாது, கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால் பாட்டிலை உடைத்தார்கள், உலோகச் சத்தத்துக்குக் கரண்டி முள்கரண்டித் தட்டைக் குலுக்கினார்கள். அந்த மாதங்களில் நாட்டில் பிரிட்டிஷ் ஸ்டீல் தயாரித்தவர்கள் அநேகமாக இவர்கள்தாம்.

கெட்டிக்காரர்கள் கதை வேறு. 2000-இல் நான்கு கனவான்கள் லாங்பிரிட்ஜ் கம்பெனியைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2005-இல் அது திவால். ஏறக்குறைய 6,000 பேர் தெருவில். நால்வரும் தலைமை நிர்வாகியும் சம்பளம், பென்ஷனாக எடுத்தது 4 கோடியே 20 லட்சம் பவுண்டு. வௌவால் தலையைக் கடித்த ஆஸியைத்தான் ஊர் ஆபத்தானவன் என்றது.

2023 செப்டம்பரில் நகராட்சியே கையை விரித்தது. பெண் ஊழியர்களுக்குப் பல வருடம் சமச் சம்பளம் கொடுக்காத பாக்கி ஒருபக்கம், கணக்கு எழுத வாங்கிய கம்ப்யூட்டர் அமைப்பே கணக்கைக் குழப்பியது இன்னொரு பக்கம். அதே மாதம் ஊர் அரங்கில் பர்மிங்காம் ராயல் பாலே குழு பிளாக் சபாத் பாட்டுகளுக்குக் கால்விரல் நுனியில் ஆடியது. அடுத்த பட்ஜெட்டுகளில் நகராட்சி அந்தக் குழுவின் மானியத்தை முதலில் பாதியாக்கி, பிறகு சுத்தமாகத் துடைத்தது. பிளாக் சபாத் நால்வரும் தொடக்கத்தில் வாசித்த ஸ்டேஷன் தெரு கிரவுன் மதுக்கடையோ 2014-இலேயே பூட்டியாகிவிட்டது.

2025 கோடையில் குப்பை லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், தெருமுனைகளில் கறுப்புப் பை மலைகள், அவற்றில் எலிகள் குடித்தனம். ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் ஆஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே கடைசியாகப் பாடினார். நிற்க உடம்பு விடவில்லை. ஜூலை 22 காலமானார். 30-ஆம் தேதி பிராட் தெருவில் ஊர்வலம், ஊரே திரண்டது. பாண்டின் பெயர் வைத்த பாலத்தின் மேல் சவ வண்டி நின்று நகர்ந்தது. பாதுகாப்பு உட்பட ஊர்வலச் செலவு முழுவதையும் ஆஸ்போர்ன் குடும்பமே கட்டியது.