பிரளயத்தைக் காத்திருக்க வைத்தல்

உலகம் அழியும் தருணத்தில் முட்டைக்கோசு பறித்துக்கொண்டிருப்பது தர்மத்துக்கு உகந்ததா என்னும் வினாவை நம் முன்னோர் தீர ஆராயாமல் விட்டதற்கு, அத்தகைய சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதன்றி வேறு காரணம் இருக்க முடியாது. அந்தச் சந்தர்ப்பம் 2011-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி மனித குலத்துக்கு வாய்த்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்திலுள்ள பெதெஸ்டா நிறுவனத்தார், டாட் ஹவார்டு என்பவரின் தலைமையில் சிருஷ்டித்த ‘ஸ்கைரிம்’ என்னும் வீடியோ கேம் அன்றுதான் வெளியாயிற்று. அதில் புகுந்தவர்கள் ஊணும் உறக்கமும் மறந்து கிடந்தது எதனால் என்று சாவகாசமாக விசாரிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். சாவகாசமே இங்கு ஆராயப்படும் பொருளாகையால், அவசரமுள்ள வாசகர் இப்போதே விடைபெற்றுக்கொள்ளலாம்.

கதாநாயகன் கை கட்டப்பட்ட கைதியாக வண்டியில் கொண்டுவரப்பட்டு, ஹெல்கன் என்னும் ஊரில் சிரச்சேதத்துக்காகக் கழுத்தை நீட்டியிருக்கும் சமயத்தில், ஆல்டுயின் என்னும் கரிய டிராகன் வானத்திலிருந்து இறங்கி ஊரைக் கொளுத்தி, தன் நோக்கத்துக்கு முற்றிலும் மாறாக அவனைப் பிழைக்க வைத்துவிடுகிறது. அந்த டிராகன் உலகத்தையே விழுங்க வந்தது என்பதும், மாண்ட டிராகன்களின் ஆன்மாவைக் கிரகிக்கும் வரம் பெற்ற தான் ஒருவனே அதைத் தடுக்க வல்லவன் என்பதும் பின்னர் அவனுக்குத் தெரியவருகின்றன. தெரிந்தபின் அவன் செய்வது யாது? வண்ணத்துப்பூச்சியைத் துரத்திப் பிடித்து இறகைப் பிய்க்கிறான். கொல்லுப்பட்டறையில் அமர்ந்து, யாரும் கேளாத இரும்புக் குத்துவாள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக் குவிக்கிறான். கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்து, அவர் கண் மறைந்திருக்கும் வேளையில் சரக்கைக் கவர்கிறான். (வாளி கவிழ்க்கப்பட்டவர் அதைக் குறித்து ஒரு வார்த்தையும் கேட்பதில்லை என்பது அந்நாட்டு வணிகரின் பெருந்தன்மைக்குப் போதிய சான்று.)

கவர்ச்சிக்குக் காரணம் அவ்வுலகின் விஸ்தீரணமே என்பர் ஒரு சாரார். இந்தப் பூர்வபக்ஷம் கேட்பதற்குக் கம்பீரமாக இருப்பினும் நிலைக்கத்தக்கதன்று. இதே வரிசையில் 1996-இல் வந்த ‘டாகர்ஃபால்’, கிரேட் பிரிட்டன் தீவுக்கு ஒப்பான பரப்புடையதென்று பறைசாற்றப்பட்டது. எண்ணற்ற ஊர்களையும் பாதாளக் குகைகளையும் கணிப்பொறியே கணக்குப் போட்டு வாரி இறைத்திருந்தது. ஸ்கைரிமோ சுமார் 40 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் சிறு நிலம். பரப்பே இன்பத்துக்கு மூலமாயின், மக்கள் பெரியதை விட்டுச் சிறியதில் போய்க் குவிந்ததற்குச் சமாதானம் சொல்வார் இல்லை. வீரமே காரணம் என்போருக்கு விடை கூற வேண்டியதில்லை. வாளிச் செய்தியை அவர்கள் மீண்டும் ஒருமுறை படித்துக்கொள்வார்களாக.

நமது சித்தாந்தம் இது: அங்கே பிரளயம் காத்திருக்கிறது. மேற்சொன்ன டாகர்ஃபாலில் ஏற்றுக்கொண்ட வேலைகளுக்குக் கெடு உண்டு. 1997-இல் வந்த ‘ஃபால்அவுட்’ என்னும் வேறொரு கேமில், பழுதுபட்ட குடிநீர்ச் சாதனத்துக்கு மாற்றுக் கருவி தேடி வர நாயகனுக்கு 150 நாள் தவணை விதிக்கப்பட்டது. தவறினால் அவன் இனத்தார் தாகத்தால் மடிவர். ஸ்கைரிமில் ஆல்டுயினுக்கு அத்தகைய நிர்ப்பந்தம் எதுவுமில்லை. நம் உலகத்து ஒரு நிமிஷம் அங்கே 20 நிமிஷமாக ஓடுவதால், 72 நிமிஷத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடுகின்றன. அங்ஙனம் மாதங்களும் வருஷங்களும் உருண்டோடிய பின்னரும், நாயகன் சௌகரியப்பட்டு வரும்வரை அந்த ஊழித்தலைவன் பொறுமையோடு வீற்றிருக்கிறான். பரீட்சைக்கு முந்திய இரவில் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கும் மாணவன் அனுபவிக்கும் அலாதியான ஆனந்தத்தை, மறுநாள் விடியாது என்ற உத்தரவாதத்தோடு வழங்கியதே பெதெஸ்டாவாரின் மேதைமை. கடமை சிறிதாயிருந்தால் அதைத் தள்ளிப்போடுவதில் சுவை இல்லை. உலகத்தைக் காப்பது போன்ற மகத்தான கடமை ஒன்று தலைக்கு மேல் தொங்கினாலன்றோ முட்டைக்கோசு இனிக்கும்!

இச்சித்தாந்தத்துக்கு உறுதுணையாக நிற்பது எடைச் சாஸ்திரம். தொடக்கத்தில் நாயகன் 300 அளவு சுமை தாங்குவான். அதற்கு மேல் ஓர் அகப்பை ஏறினாலும் ஓட இயலாது, பிரசவித்த பசுவினும் மெதுவாக நடக்க வேண்டியதுதான். டிராகன் எலும்பு ஒன்றின் எடை 15. ஆகவே டிராகனைக் கொன்ற மாவீரன், வெற்றி முழக்கமிட்டுக் குதிரையேற வேண்டிய நேரத்தில், பாலாடைக்கட்டியை வீசிவிட்டு எலும்பைக் கொள்வதா, எலும்பை விடுத்துப் பாலாடைக்கட்டியை வைத்துக்கொள்வதா என்று பனியில் நின்று தர்க்கம் செய்கிறான்; முடிவு தோன்றாதபோது, வொய்ட்ரன் பிரபு மெய்க்காவலுக்கென்று அருளிய லிடியா என்னும் நங்கையின் முதுகில் ஏற்றுகிறான்; அவளும் சுமக்கத்தான் செய்கிறாள், ஆயினும் அவள் குரலில் ராஜவிசுவாசத்தைக் காட்டிலும் சலிப்பே மேலோங்கி ஒலிக்கிறது. பொன் நாணயத்துக்கு மாத்திரம் எடையே கிடையாது. அந்நாட்டின் பொருளாதாரம் குறித்துத் தனியொரு நூல் எழுதத் தகுந்த விஷயம் இது. இங்கே விரிப்பின் பெருகும்.

முனிவர்கள் வாழும் ஹை ஹ்ரோத்கார் என்னும் மலை மடத்துக்கு 7,000 படிகள் என்பது அந்நாட்டு வழக்கு. அம்முனிவர்கள் நாயகனை அழைக்கும் குரல் தேசமெங்கும் இடிபோல் அதிர்கிறது. அதைச் செவிமடுத்தும் போகாமலிருக்க அவனுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. ரசிகர்கள் சிலர் கடைசியில் புறப்பட்டுப் போனதும்கூட முனிவரைத் தரிசிக்கவன்று, படிகளை எண்ணுவதற்கே. எண்ணிக்கை ஆயிரத்தையும் எட்டவில்லை. ஊழி வாசலில் நிற்கையில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்துக் கணக்கெடுத்த அப்பெருமக்களின் உழைப்பைக் காட்டிலும் வலிய பிரமாணம் நமது கொள்கைக்கு வேண்டுவதில்லை.

ஆயின், என்றேனும் ஒருநாள் மனம் துணிந்து ஆல்டுயினை வதைத்தவர்கள் உண்டே, அவர்கள் கதி என்ன என்று ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கும் நஷ்டமில்லை. கேம் அத்துடன் முடிவதில்லை. வேறு டிராகன்கள் வழக்கம்போல் வந்துபோகின்றன, எலும்பின் எடையும் குறையவில்லை, கடைக்காரர் உலக ரக்ஷகருக்கென்று தனி விலை சொல்வதுமில்லை.