வெட்டு முடிந்த மதியம்

ரப்பர் மரம் மதியத்துக்குமேல் யாரையும் தேடாது. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்குகிறவர், வெயில் ஏறுமுன் பட்டையை வெட்டி முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கிவிடும், பால் ஒழுகாது. பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து, தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்து, முந்தின நாள் உறைந்ததை மிஷினில் கொடுத்து ஷீட் அடித்துக் கயிற்றில் போட்டால் அன்றைய பாடு தீர்ந்தது. மிச்சமிருக்கும் பொழுது வெட்டுக்காரனுடையது. எங்கள் நாலு பேருக்கும் நட்பு வளர்ந்தது அந்த மிச்சப் பொழுதில்தான்.

நான் பிறந்தது குன்னத்துகாலில். நெய்யாற்றின்கரை தாலுகா, பாறசாலைக்கு வடகிழக்கே, கேரளத்தின் தென்கோடி. குன்றின் கால் என்றே அந்தப் பெயர் என் காதில் எப்போதும் விழுந்திருக்கிறது. ஏறி இறங்காமல் அங்கே அடுத்த வீட்டுக்குக்கூடப் போக முடியாது. மேட்டில் விளை, பள்ளத்தில் ஏலா என்னும் வயல், நடுவில் மழைக்காலத்தில் ஓடையாகவும் வெயில் காலத்தில் வழியாகவும் இருக்கும் இடுக்குகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும்.

1988 தை மாதம் ஒரு வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டரை இருக்கும். வெட்டுக்காரன் எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். கையில் ஆசிட் வாடை போகவில்லை.

"ஷீட்டு போட்டாச்சு. வாடே, சிதறாலுக்குப் போவம்."

பளுகல்காரன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த யோசனை அது. அவன் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். தையல்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தான்; கல்யாண மாதம், தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது, ஆனாலும் வந்தான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் மலையாளத்தில் பதில் சொல்வான். அது எங்களில் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

தையில் ரப்பர் இலை உதிரும். இந்தப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும் பூமியில் அந்த ஒரு மாதம்தான் மரம் மொட்டையாக நிற்கும். இலை முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பாகும், பிறகு ஒரே வாரத்தில் கொட்டும். மற்ற மாதங்களில் குகைபோல் இருட்டிக் கிடக்கும் விளைகளில் வானம் தெரியும். பொற்றைக் குன்றின் உச்சியில் நின்றால் கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை, நீலமாக, மடிப்பு மடிப்பாகத் தெரியும். நாங்கள் காரக்கோணம் பக்கமாக இறங்கி, விளைகளுக்குள்ளேயே குறுக்கே நடந்து பளுகலுக்குப் போனோம். காலடியில் இலை நொறுங்கும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே நடந்தோம்.

வழியில் மூன்று வீட்டு முற்றங்களைக் கடக்க வேண்டும். வேலி கிடையாது, வழியே முற்றத்தின் ஊடாகத்தான். இரண்டாவது வீட்டில் ஒரு அம்மச்சி நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மக்களே இந்த வெயிலுல?"

"சிதறாலுக்காக்கும் அம்மச்சி."

"கஞ்சிவெள்ளம் குடிச்சிட்டுப் போங்க."

அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பன்மார் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு சீப்பு மட்டிப்பழம் பிய்த்துக் கொடுத்தார். நாலு பேருக்கு நாலு பழம் போதுமே என்றேன். "திரும்பி வரும்பம் பசிக்காதா?" என்றார்.

காரக்கோணத்தில் அன்றைக்கு மருத்துவக் கல்லூரி இல்லை. அது 2002இல் வந்தது. அதற்கு வைத்திருக்கும் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நடைதான் ஞாபகம் வரும். அந்தப் பெயர்க்காரர் ஹோவார்ட் சோமர்வெல் 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924இல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,500 மீட்டர் உயரம் வரை போய், தொண்டை அடைத்து மூச்சுவிட முடியாமல் திரும்பியவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்ட பிறகு லண்டனில் கிடைக்கவிருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்கி, இருபது வருஷத்துக்குமேல் அறுவை மருத்துவராக இருந்தார். உலகத்தின் தலையில் நடந்த கால்கள் எங்கள் பொற்றைகளுக்கிடையே வந்து நின்றுபோனதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அன்று அதெல்லாம் எனக்குத் தெரியாது. வயசாளிகள் 'சோமர்வெல் டாக்டர்' என்று சொல்லும்போது குரல் தணிவதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

எல்லை எங்கே வந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. இந்த விளை கேரளம், அந்த விளை தமிழ்நாடு, மரம் ஒன்றுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பளுகல் அந்தப் பக்கம் போனது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் எங்கள் நெய்யாற்றின்கரையும் இருந்தது, அது கிடைக்கவில்லை. பளுகலில் ஏறிய பஸ்ஸின் பக்கவாட்டில் 'நேசமணி' என்று எழுதியிருந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரில் 1983இல் தொடங்கிய போக்குவரத்துக் கழகம். அவர் கேட்டும் கிடைக்காத ஊர்க்காரன் நான், அவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். தையல்காரன் மலையாளத்தில் டிக்கெட் கேட்டான். கண்டக்டர் தமிழில் சில்லறை கேட்டார்.

மார்த்தாண்டத்தில் பஸ் மாறி சிதறால் அடிவாரம் சேர்ந்தபோது மூன்று மணி. இன்று கல் பாவிய நல்ல பாதை இருக்கிறது. அன்று நாங்கள் ஏறியது கொல்லாமரங்களுக்கு இடையே கிடந்த மண்தடம். கொல்லாம்பூ வாசனை அடித்தது. மூச்சு வாங்கப் பாறைமேல் உட்காருவதும் எழுவதுமாக அரை மணி நேரம் ஏறினோம். கடைசியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடுக்கு. நுழைந்து வெளியே வந்தால், பாறைச் சுவர் முழுக்க முக்குடைக்குக் கீழே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாம்புப் படத்தின் நிழலில் பார்சுவநாதர் நிற்கிறார். பக்கத்தில் அம்பிகை, சிங்கமும் இரண்டு பிள்ளைகளுமாக. நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டோம். நான் சாமி கும்பிட வளர்ந்தவன் அல்ல. அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திருச்சாரணத்துமலை என்பது இதன் பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் அரசன் விக்கிரமாதித்ய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்தி இங்கே உள்ள பட்டாரியாருக்குப் பொன்னணி கொடுத்ததை வட்டெழுத்தில், தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அந்த இடம் பகவதி கோயிலாயிற்று. ஆனாலும் யாரும் பழைய சிலைகளைக் கொத்தி எறியவில்லை. நான் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்தது பல வருஷம் கழித்து. படித்ததும் எனக்குக் கண்ணில் வந்தவர், மட்டிப்பழம் பிய்த்துக் கொடுத்த அம்மச்சிதான். பொன்னை மடியில் கட்டிக்கொண்டு அந்தப் பாறையில் ஏறிய துறவியும் வழியில் யாராவது வீட்டு முற்றத்தில் வெள்ளம் குடித்திருப்பார்.

மேலே சுனையோரம் உட்கார்ந்து பளுகல்காரன் பொதியைப் பிரித்தான். அவன் அம்மை மயக்கிக் கொடுத்த மரச்சீனி, வாழையிலையில் சூடு ஆறாமல் இருந்தது. சாளைக்கறி தூக்குவாளியில். காந்தாரி மிளகும் சின்ன உள்ளியும் உப்பும் இடித்த சம்மந்தி. விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் நடவைத்து வளர்த்த கிழங்கு அது. பர்மா அரிசி நின்றுபோன 1942க்குப் பிறகு திருவிதாங்கூர் உயிர்பிழைத்ததும் அதனால்தான். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்கு அதை வைக்கக் கூச்சப்படுவார்கள். அந்த மலையில் அதைவிட நல்ல சாப்பாடு எனக்கு வேண்டியிருக்கவில்லை. மேற்கே கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. தையல்காரன் ஒரு யேசுதாஸ் பாட்டுப் பாடினான். வெட்டுக்காரன் பாதியில் தூங்கிப்போனான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவன். அவன் எழும்பும்வரை நாங்கள் மூவரும் காத்திருந்தோம். கடைசி பஸ்ஸைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் போனோம், ஏழு வருஷம். பிறகு எனக்கு வெளியூரில் வேலை. தையல்காரன் கல்ஃபுக்குப் போய், திரும்பி, ரெடிமேட் கடை வைத்தான். வெட்டுக்காரன் அடுத்தவர் விளையில் வெட்டிச் சேர்த்த காசில் நாற்பது சென்ட் வாங்கி, 105 நட்டான். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ரகம், பால் அதிகம். ஏழு வருஷம் காத்திருந்து வெட்டத் தொடங்கினான். 2011இல் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. அந்தக் காசில் மூத்த மகளை நர்ஸிங் படிக்கவைத்தான். ரப்பர் வந்துதான் ஊர் கெட்டது, மரச்சீனி போனது, ஓடை வற்றியது என்று பேசுகிறவர்கள் நடுவில் நான் வாய்மூடி இருக்க மாட்டேன். அந்த மரம் விடியலை எடுத்துக்கொண்டு மதியத்தைத் திருப்பிக் கொடுத்த மரம். ஒரு கூலிக்காரனுக்கு ஒவ்வொரு நாளும் அரைப் பகலைக் கொடுக்கும் வேலை வேறு எது?

2016 தொடக்கத்தில் விலை நூறுக்குக் கீழே போயிற்று. வெட்டுக்கூலி கொடுத்தால் கட்டாது. அவனே வெட்டினாலும் ஆசிட், சாக்குக்குத் தேறவில்லை. கடும்வெட்டு வெட்டி மரத்தை ஒடித்துப் பிளைவுட்டுக்குக் கொடுத்தான். ஆட்டோ வாங்கினான். 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240ஐத் தாண்டியபோது அவன் நிலத்தில் வாழை நின்றது.

ஆட்டோவுக்கு மதியம் கிடையாது. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், எட்டுப் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும், பிறகு டியூஷன் சவாரி. தையல்காரன் கடையில் கூட்டமே மாலையில்தான். பளுகல்காரன் தேனீ வளர்க்கிறான். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய தொழில். ரப்பரில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பில் தேன் கசியும். பூவில் கிடைப்பதைவிட அதிலிருந்துதான் எங்கள் பக்கத்துத் தேனீ அதிகம் சேர்க்கிறது. அதனால் நாங்கள் நடந்த அதே தை, மாசி இப்போது அவன் பெட்டி பெட்டியாக ஓடும் காலம்.

2020 ஊரடங்கில் எல்லையிலிருந்த சின்ன வழிகளில் மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். நாங்கள் எங்கே இருக்கிறது என்றே பார்க்காத எல்லை அப்போதுதான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, மார்பளவு உயரத்தில். வெட்டுக்காரன் இந்தப் பக்கம் நின்று ஒரு சக்கையை மண்மேட்டின்மேல் உருட்டிவிட, பளுகல்காரன் அந்தப் பக்கம் பிடித்தான். போனில் அதைச் சொல்லும்போது இருவர் குரலும் உடைந்தது. நான் அன்று அங்கே இல்லாததை இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தையில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. தையல்காரனின் காரில் போனோம். விளைகள் வழியாக நடக்கலாம் என்றேன், முற்றங்கள் எல்லாம் மதில் கட்டி கேட் போட்டாயிற்று என்றார்கள். அந்த அம்மச்சியின் வீடு இருந்த இடத்தில் மாடி வீடு. முக்கால் மணி நேரத்தில் அடிவாரம். கல்பாதை, நடுவில் இளைப்பாற இருக்கை. தொல்லியல் துறை இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறது. சிலைகள் பத்திரமாக இருக்கின்றன, அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். மேலே உட்கார்ந்தோம். வெட்டுக்காரனுக்கு முழங்கால் வலி. காலைப் பாறையில் நீட்டி வைத்தான். இறங்கும் நேரமாகிவிட்டது என்று காவலாளி வந்து சொன்னபோது அவன் தூங்கியிருந்தான். பதினாறு வருஷம் தன் மரத்திலும், அதற்குமுன் அடுத்தவர் மரத்திலும் வெட்டியவனுக்கு உடம்பு இன்னும் மூன்று மணிக்கே எழுகிறது.

"எழுப்பட்டா?" என்று கேட்டேன்.

பளுகல்காரன் காவலாளியிடம் போனான். "இத்திரி நேரம் பொறுங்க அண்ணே. வெட்டுக்காரனாக்கும்."

காவலாளி தூங்குகிறவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கத்திலேயே, சுனையோரம், உட்கார்ந்தார்.