கரி படிந்த பனங்கை

விக்கிரவாண்டியில் எங்கள் பழைய வீட்டு அடுப்படியை இடிப்பது என்று முடிவானதும் முதலில் கண் கலங்கியவன் நான்தான். அங்கே ஒருநாளும் சோறு வடித்தவன் இல்லை என்பதால் கண்ணீர் சுலபமாகவே வந்தது. அம்மா, "மேஸ்திரி எப்படா வருவாரு?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது இருந்தது கொடியடுப்பு. எரிக்கச் சவுக்கு மிலாறு, மல்லாட்டைத் தோல்; மழைக்காலத்தில் ஈர விறகும் ஊதுகுழலும். புகை வெளியேற ஓட்டுக்கு நடுவே ஒரு சந்து விட்டிருந்தார்கள். புகைக்குத்தான் அது தெரியாது. அம்மா அழுதுவிட்டு வருகிறாரா, சமைத்துவிட்டு வருகிறாரா என்று எங்களால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. சில நாள் அதுவே அவருக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

ஓட்டைப் பிரித்ததும் பனங்கைகள் தெரிந்தன. பக்கத்துப் பனையபுரம் சிவன் கோயிலுக்கே பனைதான் தலவிருட்சம். எங்கள் கூரைக்கும் அதுதான். தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரி, வார்னிஷ் அடித்ததுபோல மின்னியது. கூடத்து மரத்தையெல்லாம் அரித்த கரையான், புகைக்குப் பயந்து இந்தப் பக்கமே வரவில்லை. அறுக்கும் மிஷினுக்குப் பிளேடு மாற்ற வேண்டியதாயிற்று. "இது மாதிரி இனிமே கெடைக்காதுண்ணே" என்று மேஸ்திரி பெருமூச்சு விட்டார். மறுநாள் காலையிலேயே புதுச்சேரியிலிருந்து பழைய சாமான் வியாபாரி வந்து நின்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது மட்டும் மேஸ்திரிக்குத் தெரியவில்லை.

ஆட்டுக்கல் எப்போதோ போய்விட்டது. 2011இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியது. ஜெயலலிதா படம் போட்ட கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, ஆட்டுக்கல் கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. இப்போது டோல்கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் ஏதாவதொரு ஓட்டல் வாசலில் ஆட்டுக்கல்லும் அம்மியும் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. மேலே 'விறகடுப்புச் சமையல்' என்று போர்டு. வாசலில் சென்னைக் கார்கள். அந்தப் பக்கம் போனால் நானும் வண்டியை நிறுத்துகிறவன்தான்.

கொல்லையிலாவது ஒரு விறகடுப்பு இருக்கட்டும் என்று வாதாட, அதன் பெருமையைப் போனில் தேடினேன். வீட்டுக்குள் எரியும் விறகும் கரியும் கிளப்பும் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குதான் அகப்பட்டது. போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சிம்னி, மாடுலர் கிச்சன் எல்லாம் பேசி முடித்தபின் இன்டீரியர் பையன் கேட்லாக்கைப் பிரித்தான். சொரசொரப்பான மண்சுவர் மாதிரி ஒரு டைல்ஸ், கரி பூசினாற்போல ஒரு லேமினேட். "கிராமத்து லுக், ஆன்ட்டி. இப்ப இதான் டிரெண்டு. விலைதான் கொஞ்சம் கூட."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்தக் கருப்பத் தேச்சித் தேச்சித்தான் தம்பி என் கை ரேகையே போச்சு. வெள்ளையா இருந்தா காட்டு."