மோதவில்லை, கழற்றினேன்

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், சித்தி, பட்டறை மூவரும் நலமா?

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு "எங்கேடா மோதினே?" என்று கேட்டிருந்தீர்கள். மோதவில்லை. அன்று காலையில்தான் வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்து வந்தேன். சக்கரம் ஒரு மூலை, டேங்க் ஒரு மூலை, சீட்டு ஒரு மூலை என்று கிடந்ததெல்லாம் நானே கழற்றிப் போட்டது. இங்கே மண்பாதைக்கென்று வண்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். சித்தி சொன்னபடி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஏற்றினேன். சாயங்காலம் அந்த டயரையே கழற்றிவிட்டு முரட்டுப் பொத்தான் வைத்த டயர் மாட்டிவிட்டேன். பரிகாரம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வண்டி சுசுகி டிஆர்650. 644 சிசி, ஒற்றை சிலிண்டர். 1996இல் வந்த அமைப்பு, அப்புறம் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. கார்புரேட்டர், சோக்கு எல்லாம் உண்டு; ரேடியேட்டர் கிடையாது. நீங்கள் பார்த்தால் தூக்கிக் கொஞ்சுவீர்கள். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் இருப்பதால் தார் ரோட்டிலும் போகலாம், காட்டுக்குள்ளும் போகலாம். எனக்கு இங்கே கற்றுக்குட்டி லைசென்ஸ். 660 சிசிக்குள், எடைக்கணக்கில் டன்னுக்கு 150 கிலோவாட் சக்தியைத் தாண்டாத வண்டிதான் ஓட்டலாம். இது இரண்டு கணக்கிலும் பாஸ்.

பாஸ் ஆகாதது என் கால்தான். சீட்டு உயரம் 885 மில்லிமீட்டர். நம் குடும்பத்துக் கால்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 மில்லிமீட்டர் இறக்கிக்கொள்ளக் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. இறக்கினேன். உடனே சைடு ஸ்டாண்டு நீளமாகிவிட்டது! வண்டி நட்டக்குத்தலாக நின்று, எந்தப் பக்கம் விழலாம் என்று யோசிக்க ஆரம்பித்தது. ஸ்டாண்டில் ஒரு துண்டு வெட்டிவிட்டு ஒட்ட வேண்டும். உங்கள் பட்டறையில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் முடிக்கிற வேலை. இங்கே வெல்டிங் கடையில் முன்பதிவு செய்து, அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். மெக்கானிக் கூலியோ மணிக்கு 100 டாலருக்கு மேல். அவர் நட்டைத் தேடுகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் நானே எல்லாம் செய்வது காசுக்காக மட்டும் இல்லை. நான் போகப்போவது ஹாலண்ட் டிராக். 1893இல் கூல்கார்டி தங்க வயலுக்குக் குறுக்குவழியாக ஜான் ஹாலண்ட் என்பவர் புதர்க்காட்டை வெட்டிப் போட்ட தடம். இப்போது ஹைடன் என்ற சிற்றூரில் புகுந்தால் கூல்கார்டி வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நடுவே பெட்ரோல் இல்லை, கடை இல்லை, போன் சிக்னலை நம்ப முடியாது. கம்பெனி டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்றே வையுங்கள், கணக்கு காட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் 20 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் அலுமினியத் தகடு. கைக்கு மறைப்பு. உட்கார முடிகிற ஒரு சீட்டு.

இங்கத்து மண்ரோடு தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அதில் ஒரு மணி நேரம் ஓடினால் எந்த நட்டும் தன் இடத்தில் இருக்கச் சம்மதிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் நீல நிற ஒட்டுத் திரவம் விட்டு முடுக்கினேன். பிறகு நட்டிலிருந்து சட்டம் வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டேன்; கோடு விலகினால் நட்டு சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். கோடு போட எடுத்தது உங்கள் மருமகளுடைய நகப்பூச்சு. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இதே வண்டி வைத்திருக்கிறார். கிளச்சுக்குப் பின்னால் நியூட்ரல் சுவிட்சைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் சில வண்டிகளில் தளர்ந்து இன்ஜினுக்குள் விழுந்துவிடும் என்று வேலியோரம் நின்று பயமுறுத்தினார். அவர் பேச்சைக் கேட்டு ஆயிலை வடித்து, கிளச்சை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. இருந்தாலும் எனக்கு அன்று நல்ல தூக்கம் வந்தது.

செயினை நீங்கள் பார்த்தால் என்னை அறைவீர்கள், அவ்வளவு தொங்கும். ஆனால் இதற்கு சஸ்பென்ஷன் நீளம். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது செயின் தானாக விறைக்கும். முன்கூட்டியே இறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும்.

ஏர் ஃபில்டர் பஞ்சு. மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, பசையான ஆயில் ஊற்றிப் பிழிந்து மாட்ட வேண்டும். கொடியில் காயப்போட்ட அன்று அலுவலகச் சட்டைகளும் அதன் பக்கத்தில் தொங்கின. திங்கட்கிழமை மீட்டிங்கில் என் இரு பக்கமும் நாற்காலி காலி.

பஞ்சர்தான் பெரிய பாடு. டியூப் டயர், தண்ணீர்த் தொட்டியோடு கடை வைத்து உட்கார்ந்திருக்க இங்கே யாரும் இல்லை. வாசலில் பழகினேன். கம்பி மூன்று, சோப்புத் தண்ணீர், நீங்கள் சொல்லிக்கொடுத்த கெட்ட வார்த்தைகள். கடைசியில் சொன்னதுதான் டயரை ரிம்மில் உட்கார வைத்தது.

மிச்சம் டேப்பட் இடைவெளி சரிபார்ப்பது. இன்லெட் 0.08 முதல் 0.13, எக்ஸாஸ்ட் 0.17 முதல் 0.22 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. ஃபீலர் கேஜ் வாங்கிவிட்டேன், கைதான் நடுங்குகிறது. சனிக்கிழமை உங்களுக்குக் காலை ஒன்பது, எனக்குப் பதினொன்றரை, வீடியோவில் கூப்பிடுகிறேன். தயவுசெய்து கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு போனை எடுங்கள். போன தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் வண்டிக்கு வால்வு போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்