சும்மா கெடைச்சா சொத்தையா, கண்ணு?

என்ன கண்ணு, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது? பையனுக்கு எதிர்ப்பு சக்தி இல்லைங்கற வெசனமா? டாக்டரு சொன்னாரா? இல்லியா? போன்ல எவனோ சொன்னானாக்கும். அது சரி. எட்டு வயசுப் பையனுக்கு அட்டாலி நெறைய டப்பா அடுக்கி வெச்சிருக்கறயே, மருந்துக்கடைக்காரன் பாத்தா வெக்கப்படுவான் போ.

அந்தப் பால்ல கலக்கற மாவு டப்பாவை எடு. முன்னாடி ஒரு பையன் பறக்கறான், சரி. பின்னாடி திருப்பு. எறும்பாட்டம் பொடி எழுத்துல சக்கரை எத்தனைன்னு போட்டிருக்கும், படி. ஏன், பேச்சையே காணோம்? 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே உணவுச் சட்டத்துல கெடையாது, அந்தப் பேருல விக்காதீங்கன்னு 2024 ஏப்ரல்லயே டெல்லியில இருந்து ஆன்லைன் கடைக்காரங்களுக்குச் சொல்லிப்போட்டாங்க. அவங்க பேரை எடுத்தாங்க. நீ டப்பாவை எடுத்தயா?

வெறும் வகுத்துல பாடம் ஏறாதுன்னு சர்க்காருக்கே தெரியுது. அதனாலதான் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில காலைச் சிற்றுண்டி தொடங்கி, சின்ன வகுப்புப் புள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் போடறாங்க. உன்ற பையன் என்ன பண்றான்? ரெண்டு மடக்கு மாவுப் பாலைக் குடிச்சுப்போட்டு வேனுக்கு ஓடறான். ரெண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு வாழப்பழம். இதுக்கு எந்தக் கம்பெனிக்காரன் வெளம்பரம் போடுவான்? போட மாட்டான். அதான் உனக்குத் தெரியல.

வேனுன்னதும் ஞாபகம் வருது. பள்ளிக்கூடம் மூணு தெரு தள்ளித்தான? அதுக்கு வேனு. சாயந்திரம் ஒடம்பு அசையோணும்னு பணம் கட்டி ஒரு கிளாசு. அதுக்குப் போக இன்னொரு வண்டி. எத்தனை அடி நடந்தான்னு எண்ண கையில ஒரு கடியாரம் வேற! ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் புள்ளைக ஓடியாடோணும்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. தெருவுல பந்தை உருட்டினா அதுல சேராதா? வெளி வெளிச்சத்துல வெளையாடற புள்ளைக்குக் கிட்டப்பார்வை வர்றதும் கொறையுமாம். கண்ணாடிக் காசாவது மிச்சமில்லியா?

அப்புறம் தூக்கம். ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒம்பது மணி நேரமாவது தூங்கோணும். உன்ற ஊட்டுல ராத்திரி பதினொண்ணு வரைக்கும் மூணு மூஞ்சியிலயும் நீல வெளிச்சம். காலையில ஆறு மணிக்கு எழுப்பற. கணக்குப் போடு, நீதான் இஞ்சினியராச்சே. அதுக்குப் பொறவு "பையனுக்குக் கவனமே இல்ல"ன்னு கவுன்சிலிங்கு கூட்டிட்டுப் போற!

இன்னொரு கூத்தைக் கேளு. பிப்ரவரியில பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுக்கறாங்க. அல்பெண்டசோல். மென்னு முழுங்கினா வேலை முடிஞ்சது. காசு கெடையாது. அன்னிக்கு என்ன பண்ணுவ? "சும்மா குடுக்கற மாத்திரை, வாங்கித் திங்காதடா"ன்னு சொல்லி அனுப்புவ. வகுத்துல இருக்கற புழு ரத்தத்தைக் குடிக்க, நீ மேல ரத்தம் ஊற டானிக்கு ஊத்துவ. புழுவுக்கு விருந்து வெக்கறதுக்கா கண்ணு நீ சம்பாரிக்கற?

வகுத்தால போச்சுன்னா கடையில கலர் டப்பாத் தண்ணி வாங்கற. 'ஓஆர்எஸ்'னு பேரு வெச்சு வித்தாங்க, உள்ள பூராச் சக்கரை. சரியான அளவுல இல்லாத பானத்துக்கு அந்தப் பேரை வெக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்புத் துறையே தடை போட்டுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல நெசமான ஓஆர்எஸ் பொட்டலம் சும்மா தர்றாங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணியில முழுப் பொட்டலத்தையும் கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கோணும். அடுத்த நாளு மிச்சத்தைக் கொட்டிப்போட்டுப் புதுசாக் கரைக்கோணும். இதுல என்ன கஷ்டம்? காசு கேக்கலைங்கறதுதான் கஷ்டம்.

சளி புடிச்சா டாக்டரையே மெரட்டற, "ஆன்டிபயாடிக் எழுதுங்க"ன்னு. வைரசுச் சளிக்கு அது வேலை செய்யாது. "ரெண்டு நாள் வெந்நி குடு, தூங்க வுடு"ன்னு சொல்ற டாக்டரு உனக்குக் கைராசி இல்லாதவரு. அதுக்காக, புள்ள மூச்சு வாங்கினாலோ, தண்ணி குடிக்காமத் தொவண்டு கெடந்தாலோ, ஒண்ணுக்குப் போகலைன்னாலோ திண்ணையில உக்காந்து என்னையக் கேக்காத. ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பழசெல்லாம் தங்கம்னு நாஞ் சொல்றன்னு நெனச்சுக்காத. வகுத்தால போற புள்ளையப் பட்டினி போட்ட கெழவிகளும் இருந்தாங்க. மாசம் ஒருக்கா வெளக்கெண்ண ஊத்திக் கொடலைக் கழுவறம்னு கொன்னெடுத்தவங்களும் இருந்தாங்க. மடத்தனத்துக்குப் பழசென்ன, புதுசென்ன? தடுப்பூசி வந்துதான் புள்ளைக பொழைச்சுது. பத்து வயசுல ஒண்ணு, பதினாறு வயசுல ஒண்ணு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி இருக்குது. அதுவும் சும்மாதான். போட்டுடு.

பையன் பையில வாசனை சானிடைசர் பாட்டிலு தொங்குதே, மண்ணு ஒட்டுன கைக்கு அது பத்தாது. சோத்துக்கு முன்னாடியும் கக்கூசுக்குப் பின்னாடியும் சோப்புப் போட்டு இருவது எண்ணற வரைக்கும் தேய்க்கச் சொல்லு. சொன்னா மட்டும் செய்வானா? நீ தேச்சாத்தான் அவனும் தேய்ப்பான்.

பையனுக்கு ஒண்ணும் ஆகல கண்ணு. சோறு, தூக்கம், சோப்பு, ஓட்டம், ஊசி. இத்தனைதான். இன்னிக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு மொதல்ல உன்ற போனை அணை. பையன் தன்னால தூங்குவான்.