ஆடிப்பாவை இலக்கணம்: மிரர் கட்டளை குறித்து ஒரு முன்னாய்வு

முப்பரிமாண கேட் மென்பொருளில் மாடல் செய்வோர் இரு மரபினர். பாதியை வரைந்துவிட்டு மீதியை மிரரிடம் ஒப்படைப்போர் ஒரு மரபு. முழுவதையும் தாமே வரைந்து, வலப்பக்கத் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனதைப் பிற்பாடு கண்டுபிடிப்போர் மற்றொன்று. முதல் மரபே உயர்ந்தது என்பது இவ்வாய்வின் துணிபு. சோம்பலும் துல்லியமும் இவ்வளவு ஒற்றுமையாக வாழும் கட்டளை வேறில்லை.

ஆட்டோகேடில் மிரர் கொடுத்தால், மூலத்தை அழித்துவிடவா என்று கேட்கும். வெறுமனே எண்டர் தட்டினால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளும். அத்தோடு உறவு முடிந்தது. மூலத்தில் துளையைப் பெரிதாக்கினாலும் பிரதி கண்டுகொள்ளாது. சாலிட்வொர்க்ஸில் அப்படியல்ல, மூலத்தைத் திருத்தினால் பிரதியும் தானே திருந்தும். இந்தப் பண்பை ஆடிப்பாவை, அதாவது கண்ணாடியில் தெரியும் உருவம், என்ற உவமையால் தமிழில் பதிவுசெய்தவர் ஆலங்குடி வங்கனார், குறுந்தொகை 8ஆம் பாடலில். அவர் பேசியது ஒரு கணவனைப் பற்றி என்பதால் தொழில்நுட்பம் மாறிவிடாது.

சர்ச்சை மிகுந்த அதிகாரம், ஒட்டுதல். பாடியின் ஒரு முகம் மிரர் பிளேனில் முழுதாகப் படிந்திருந்தால் இரு பாதிகளும் ஒன்றாகிவிடும். விலகி நின்றால் இரண்டும் தனித்தனி. ஒரே ஒரு விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வினை. முறையான திண்மத்தில் ஒரு விளிம்பு இரண்டு முகங்களுக்கு மட்டுமே சொந்தம். இங்கோ ஒரே வரப்புக்கு நான்கு பங்காளிகள் வந்து நிற்பார்கள். சாலிட்வொர்க்ஸ் ‘பூஜ்யத் தடிமன்’ என்று புகார் சொல்லிப் படுத்துவிடும். பாதிகளைக் கொஞ்சம் ஒன்றுக்குள் ஒன்று நுழைய விடலாம். அல்லது ஒட்டும் விருப்பத்தின் டிக்கை எடுத்துவிட்டு, இரண்டு பாடிகளாகவே வாழவிடலாம்.

இனி பிரதியின் நடத்தை. கன அளவு அதே, எடை அதே. எனவே எடை பார்த்துத் தவற்றைப் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளே மரையை நிஜமாகவே வெட்டி மாடல் செய்திருந்தால், வலமரை இடமரையாகிவிடும். சைக்கிளின் இடப் பெடலுக்கும், பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டுக்கும் அது வேண்டியதுதான். மற்ற இடங்களில் கடையில் வாங்கிய எம்10 போல்ட் உள்ளே போகாது. பொறித்த எழுத்தும் இடவலமாகத் திரும்பும். ஆட்டோகேடில் மிர்டெக்ஸ்ட் என்ற மாறி 0 ஆக இருந்தால் எழுத்து நேராகவே நிற்கும். ஆனால் எழுத்தைத் திண்மமாக்கிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது.

இடக்கையும் வலக்கையும் அளவுகளில் ஒத்தும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதது தத்துவவாதி காண்ட்டை 1768லேயே உறுத்தியது. நான்காவது பரிமாணம் ஒன்றிருந்தால் திருப்பிப் பொருத்திவிடலாம் என்று 1827இல் கணிதவியலாளர் மோபியஸ் காட்டினார். மெஷின் ஷாப்களில் அந்த வசதி இன்னும் வரவில்லை.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பாகத்துக்குள்ளேயே ஒரு சமச்சீர்த் தளம் இருந்தால் அதன் பிரதியும் அதே பாகம்தான், திருப்பி வைத்தால் போதும். இதைக் கவனிக்காதவர் இடது, வலது என்று இரண்டு பார்ட் நம்பர் போடுவார். ஸ்டோர்காரர் ஒரே பிராக்கெட்டை இரண்டு பெட்டிகளில் அடுக்குவார்.

நிஜமாகவே இடம் வலம் உள்ள பாகங்களுக்கோ பல டிராயிங்குகளில் ஒரே படம்தான் இருக்கும். ஓரத்தில் ‘காட்டியது இடது, வலது இதற்கு எதிர்’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படிக்கும் மெஷின் ஆபரேட்டர் மிரரை மனதுக்குள்ளேயே போட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கு லைசென்ஸ் கட்டணமும் இல்லை, அன்டூவும் இல்லை.